கல்லூரி திறக்க ஆறு வாரம்: மகளின் ஆங்கிலத்தை எங்கே தொடங்குவது?

அம்மா, வணக்கம். நேற்று மகளோடு என்னிடம் வந்துவிட்டுக் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னீர்கள். 'முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்' என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் மகளைச் சேர்க்கத் தோட்டை அடகு வைக்கப்போவதாக. வைக்காதீர்கள், அம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் வாங்கியிருக்கிறாள். படிப்புச் செலவை அரசு ஏற்கிறது. கணக்கிலும் இயற்பியலிலும் அவளுக்குப் பயமில்லை. வகுப்பில் எழுந்து நின்று இரண்டு வரி பேசத்தான் பயம்.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். 'மை ஃபாதர் டெய்லர்' என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'என் அப்பா தையல்காரர்' என்பது தமிழில் முழு வாக்கியம், வினைச்சொல்லே வேண்டாம். ஆங்கிலத்தில் நடுவே 'ஈஸ் எ' வந்தாக வேண்டும். அவள் தமிழை ஒழுங்காகப் பேசுகிறாள், அதனால்தான் அந்த இடம் காலியாக நிற்கிறது. இதைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாளே, நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

தவறுகள் பெரும்பாலும் இப்படித் தமிழ் வேறு மாதிரி நடக்கும் இடங்களில்தான் வரும். வீட்டில், மேசையில், பஸ் ஸ்டாப்பில் என்று நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'. அங்கே வீட்டுக்கு 'இன்', மேசைக்கு 'ஆன்', பஸ் ஸ்டாப்புக்கு 'அட்'. கேள்வி கேட்க நாம் கடைசியில் ஓர் 'ஆ' போட்டால் போதும்: வந்தாயா? அவர்கள் 'டிட்' என்பதை முன்னால் கொண்டுவருவார்கள். அது வந்ததும் வினைச்சொல் மூல உருவத்துக்குத் திரும்பிவிடும். 'டிட் யூ கேம்' தவறு, 'டிட் யூ கம்' சரி. என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் சறுக்குவது இங்கேதான்.

பன்னிரண்டு காலங்களையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு வாரம் 'ஆம், ஈஸ், ஆர்'. அடுத்த இரண்டு வாரம் நேற்று நடந்ததைச் சொல்லும் சாதாரண இறந்தகாலம். கடைசி இரண்டு வாரம் 'டூ, டஸ், டிட்' வைத்துக் கேள்விகள். முதல் செமஸ்டரைத் தாண்ட இது தாங்கும்.

சொற்களைப் பற்றி ஒரு விஷயம். பெயர்ச்சொற்கள் அவளிடம் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன: பக்கெட், சுவிட்ச், டிக்கெட், பில், சார்ஜர். பேச்சில் வினைச்சொல் வரும் இடத்தில் மட்டும் நாம் 'பண்ணு', 'போடு' என்று முடித்துவிடுகிறோம். ஆஃப் பண்ணு, சார்ஜ் போடு. அதனால் வாக்கியத்தை நகர்த்தும் வினைச்சொற்கள்தாம் அவளிடம் குறைவு. உங்கள் அடுப்படியிலிருந்தே எடுக்கலாம்: உரிப்பது 'பீல்', ஊற்றுவது 'போர்', கிளறுவது 'ஸ்டர்', மடிப்பது 'ஃபோல்ட்'. கைமாற்றுக் கொடுப்பது 'லெண்ட்', வாங்குவது 'பாரோ'. இந்தக் கடைசி இரண்டையும் பட்டதாரிகளே மாற்றிப் போடுவார்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் அன்று அவள் கையால் செய்த வேலையோடு சேர்த்து ஒரு வாக்கியமாக நோட்டில் எழுதட்டும்.

கல்லூரியில் சேர்ந்ததும், 2022-ல் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் என்னென்ன பயிற்சி உண்டு என்று விசாரிக்கச் சொல்லுங்கள். காசு கொடுத்துப் படிப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எனக்கு ஆங்கிலம் தெரியாதே என்று கலங்கினீர்கள். தெரிய வேண்டியதில்லை. ராத்திரி சாப்பாடு ஆனதும் பத்து நிமிடம் எதிரே உட்காருங்கள். அன்று நடந்ததை அவள் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லட்டும். நடுவில் திருத்த வேண்டாம், யாரும் சிரிக்கவும் வேண்டாம். தம்பி சிரித்தால் கொஞ்ச நேரம் வாசலில் உட்காரச் சொல்லுங்கள். திக்கினாலும் நிறுத்தாமல் பேசப் பழகும் இடம் அவளுக்கு இப்போது உங்கள் வீடு மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை அவளைத் தனியாக அனுப்புங்கள். எந்த பஸ்ஸில் ஏறினாள், கண்டக்டர் என்ன கேட்டார், எங்கே இறங்கினாள் என்று எனக்குச் சொல்லட்டும். நோட்டையும் கொண்டுவரட்டும், நான் பார்க்கிறேன்.