முதலீட்டுப் பணப்புழக்கம் மைனஸில் இருந்தால் என்ன அர்த்தம்?

கேள்வி: ஒரு கம்பெனியின் கேஷ் ஃப்ளோ அறிக்கையில் 'முதலீட்டு நடவடிக்கைகள்' என்ற பகுதி மூன்று வருடமாக மைனஸில் இருக்கிறது. லாபம் மட்டும் வருடா வருடம் ஏறுகிறது. இது நல்லதா கெட்டதா? இதை எப்படிப் படிப்பது?

அந்தக் கடைசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்லவே முடியாது. அதற்கு மேலே இருக்கும் வரிகளைப் படித்தால்தான் ஏதாவது தெரியும். ஏன் என்று சொல்ல, முதலில் என் மாமாவின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். அவர் திருப்பூரில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். நூலை வாங்கி வந்து கொடுத்தால் துணியாக ஓட்டிக் கொடுப்பார், ஜாப் ஒர்க்தான்.

ஒரு வருடம் என்னைக் கூப்பிட்டு, "ஆடிட்டர் 9 லட்சம் லாபம்ங்கிறார், வரி வேற கட்டச் சொல்றார், பேங்க்ல பாத்தா காசையே காணோம் மாப்ள, எங்கதான் போச்சு?" என்றார். பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்தோம். தொழிலில் இருந்து கைக்கு வந்த காசு 11 லட்சம். அந்த வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு நிட்டிங் மெஷின் வாங்கியிருந்தார், 14 லட்சம். பழைய மெஷின் ஒன்றை விற்றதில் 3 லட்சம் வந்தது. அப்புறம், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார், அத்தையின் தம்பிக்குக் கைமாற்றாக 5 லட்சம். ஆக மூன்றும் சேர்ந்து வெளியே போனது 16 லட்சம். வந்தது 11, போனது 16, இடித்த 5 லட்சத்தை ஓடி (ஓவர் டிராஃப்ட், பேங்க் தரும் கடன்) கணக்கில் இருந்து எடுத்திருக்கிறார்.

இந்த மூன்று வரிதான் மாமாவின் 'முதலீட்டு நடவடிக்கைகள்'. மொத்தம் மைனஸ் 16. ஆனால் அந்த 16-க்குள் ரெண்டு வேறு வேறு ஜாதிப் பணம் இருக்கிறது. மெஷினுக்குப் போன பணம் மறுநாளில் இருந்தே துணி ஓட்டிக் கூலி சம்பாதிக்கிறது. மச்சினன் கைக்குப் போன பணம் திரும்பி வந்தால் உண்டு. லாப நட்டக் கணக்கில் இவை இரண்டுமே தெரியாது. மெஷினுக்குத் தேய்மானம் என்று வருடத்துக்குக் கொஞ்சம் தெரியும், கைமாற்று சுத்தமாகவே தெரியாது. இன்னொரு விஷயம், விற்ற பழைய மெஷினுக்குப் புத்தக மதிப்பு (வாங்கிய விலையில் தேய்மானம் போக மீதி) 1.20 லட்சம்தான், அதனால் 1.80 லட்சம் லாபம் என்று ஆடிட்டர் அந்த 9 லட்சத்துக்குள் சேர்த்திருந்தார். கேஷ் ஃப்ளோ அறிக்கையில் தொழில், முதலீடு, கடன் என்று மூன்று பகுதி இருக்கும். அதை எழுதும்போது அந்த 1.80-ஐ தொழில் பகுதியில் இருந்து கழித்துவிட்டு, வந்த முழு 3 லட்சத்தையும் முதலீட்டுப் பகுதியில் போட வேண்டும். பெரிய கம்பெனிகளின் அறிக்கையில் மேலே 'சொத்து விற்பனை லாபம்' என்று ஒரு கழித்தல் வரி இருக்கிறதே, அது ஏன் என்று பலர் குழம்புவார்கள். விஷயம் அவ்வளவுதான்.

சரி, இப்போது பெரிய கம்பெனி. ஆண்டறிக்கையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் (எண்கள் புரிவதற்காக நானே போட்டவை). இயந்திரம், கட்டடம் வாங்கியது மைனஸ் 180 கோடி. மியூச்சுவல் ஃபண்ட் வாங்கியது மைனஸ் 2,450 கோடி. மியூச்சுவல் ஃபண்ட் விற்றது பிளஸ் 1,930. பழைய சொத்து விற்றது 20. வட்டி வந்தது 40. கூட்டிக் கழித்தால் மைனஸ் 640 கோடி. இதைப் பார்த்துவிட்டு 'ஐயோ, 640 கோடியைக் கரைத்துவிட்டார்கள்' என்று ஒருவரும், 'ஆஹா, 640 கோடிக்கு விரிவாக்கம்' என்று இன்னொருவரும் யூடியூபில் பேசுவார்கள். ரெண்டுமே தப்பு. தொழிலுக்குள் போனது 180 கோடிதான். 520 கோடி கையில் சும்மா இருந்த பணம், லிக்விட் ஃபண்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கே விற்றால் வந்துவிடும். அந்த 2,450, 1,930 என்ற பெரிய எண்களைப் பார்த்தும் மிரள வேண்டாம், ஒரே பணம் வருடத்தில் பல முறை போய்ப் போய் வந்திருக்கும்.

பேங்க் டெபாசிட்டும் இதே கதைதான். போட்ட நாளில் இருந்து 3 மாதத்துக்குள் முதிர்வது என்றால் அது ரொக்கத்துக்குச் சமம், இந்தப் பகுதிக்கே வராது. ஒரு வருட டெபாசிட் என்றால் முதலீடு, மைனஸாக வரும். அதாவது கம்பெனியின் பொருளாளர் 3 மாதத்துக்குப் பதில் ஒரு வருடத்துக்குப் போட்டார் என்பதற்காகவே உங்கள் எண் தலைகீழாக மாறலாம். நம் ஊர் இண்ட் ஏஎஸ் 7 என்ற கணக்கு விதிப்படி சாதாரணக் கம்பெனிக்கு வரும் வட்டியும் டிவிடெண்டும் இங்கேதான் வரும், கட்டும் வட்டி கடன் பகுதியில் போகும்.

ஆகவே நான் முதலில் தேடுவது சொத்து வாங்கிய அந்த ஒற்றை வரியை. அதைப் பக்கத்தில் தேய்மானத்தோடு வைத்துப் பார்ப்பேன். தேய்மானம் 170, வாங்கியது 180 என்றால் தேய்ந்ததை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், பெரிதாக வளர எண்ணமில்லை. தேய்மானம் 170, வாங்கியது 60 என்று நாலைந்து வருடம் ஓடினால் மாட்டுக்குத் தீவனம் போடாமல் பால் கறக்கிறார்கள். வாங்கியது 700 என்றால் ஏதோ பெரிதாகக் கட்டுகிறார்கள், அது என்ன, எப்போது முடியும் என்று தேட வேண்டும். தொழிலில் வந்த பணத்தில் இருந்து இந்த வரியைக் கழித்தால் மிஞ்சுவதைத்தான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்கிறார்கள்.

பெரிதாகக் கட்டுவது எவ்வளவு நாள் இழுக்கும் என்பதற்கு ஜியோவைப் பாருங்கள். ரிலையன்ஸ் 2010-ல் இன்ஃபோடெல் பிராட்பேண்டின் (பிறகு ஜியோ ஆனது இதுதான்) 95 சதவீதத்தை 4,800 கோடிக்கு வாங்கியது. சேவை எல்லோருக்கும் திறந்தது 2016 செப்டம்பரில். நடுவில் ஆறு வருடம் அலைக்கற்றை, டவர், கேபிள் என்று பணம் வெளியே போய்க்கொண்டே இருந்தது, வாடிக்கையாளரிடம் இருந்து பேர் சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. அந்த வருடங்களில் மைனஸை மட்டும் பார்த்தவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார்? முடிந்த பிறகு எல்லோரும் புத்திசாலிதான், அது வேறு விஷயம். ஆனால் அந்த மைனஸுக்கு எதிரே தரையில் நட்ட டவர் இருந்தது, போய்ப் பார்க்கலாம்.

எதிரே ஒன்றும் இல்லாத மைனஸ்தான் ஆபத்து. இதைச் சொந்தக் காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு சின்னக் கம்பெனி, பெயர் வேண்டாம். லாபம் ஏறியது, தொழிலில் பணமும் வந்தது, கடனும் அதிகமில்லை. முதலீட்டுப் பகுதி மைனஸ், அதை 'விரிவாக்கம் நடக்கிறது' என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வரிகளைப் படிக்கவே இல்லை. பிறகு விலை பாதிக்கும் கீழே போன பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 'கொடுத்த கடன்கள்' என்று ஒரு வரி, ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தைவிடப் பெரிதாக. குறிப்புகளுக்குப் போய் 'தொடர்புடைய தரப்பினர்' பட்டியலைப் பார்த்தால் புரமோட்டர் (கம்பெனியைத் தொடங்கி நடத்துபவர்) குடும்பத்தின் இன்னொரு கம்பெனிக்குத்தான் அவ்வளவும். இன்னொரு வரி, நிலத்துக்கு முன்பணம். மூன்று வருடமாக முன்பணம் முன்பணமாகவே இருக்கிறது, நிலம் வரவில்லை. எல்லாமே அச்சடித்துக் கொடுத்ததுதான், யாரும் எதையும் மறைக்கவில்லை. கிட்டத்தட்ட 70 சதவீதம் போனது. மாமாவின் மச்சினன் கைமாற்றை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தவன், கோட் போட்ட மச்சினனைக் கோட்டைவிட்டேன்.

இங்கே ஒரு குறிப்பு. ஆண்டறிக்கையில் தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு என்று ரெண்டு இருக்கும். தாய்க் கம்பெனி தன் துணை நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் ஒருங்கிணைந்த கணக்கில் ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போய்விடும், தனிக் கணக்கில்தான் தெரியும். ரெண்டையும் திறந்து வையுங்கள்.

இந்தப் பகுதியைப் பற்றிப் பேசும்போது சத்யம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், புத்தகத்தில் இருக்கும் 5,361 கோடி ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கு வர வேண்டிய வட்டி என்று காட்டிய 376 கோடியும் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்று வாரம் முன்பு நடந்ததுதான் நம் விஷயம். 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் ரெண்டு மேட்டாஸ் கம்பெனிகளை (ஒன்று ரியல் எஸ்டேட், ஒன்று கட்டுமானம்) 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக சத்யம் அறிவித்தது. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எதற்கய்யா நிலம் என்று முதலீட்டாளர்கள் பிடித்துக்கொண்டார்கள், மறுநாளுக்குள் சத்யம் அதைக் கைவிட்டது. அந்தப் பேரம் மட்டும் நடந்திருந்தால் கேஷ் ஃப்ளோவில் எப்படி வந்திருக்கும் என்று யோசியுங்கள். டெபாசிட் முதிர்ந்தது என்று ஒரு பிளஸ், துணை நிறுவனம் வாங்கியது என்று ஒரு மைனஸ். இல்லாத டெபாசிட் புத்தகத்தில் இருந்து சத்தமில்லாமல் மறைந்து, அந்த இடத்தில் நிஜமான நிலம் வந்து உட்கார்ந்திருக்கும். பொய்ச் சொத்தை நிஜச் சொத்தால் நிரப்பக் கடைசியாக எடுத்த முயற்சி அது என்று அந்தக் கடிதத்திலேயே சொல்லியிருக்கிறார். அதனால்தான், தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியை, அதுவும் சொந்தக்காரரிடம் இருந்து, பெரிய விலைக்கு வாங்குவதாக அந்த வரியில் பார்த்தால் நான் நகராமல் நின்றுவிடுவேன்.

அமெரிக்காவில் வேர்ல்ட்காம் என்ற தொலைபேசி கம்பெனி செய்தது இன்னும் எளிமையான வேலை. மற்ற தொலைபேசி கம்பெனிகளின் லைனைப் பயன்படுத்துவதற்குக் கட்டும் வாடகை, அன்றாடச் செலவு. அதைத் தூக்கிச் சொத்து வாங்கியதாக எழுதிவிட்டார்கள். காசு போனது போனதுதான், மொத்தம் ஒரு டாலர்கூட மாறவில்லை. தொழில் பகுதியில் இருக்க வேண்டிய மைனஸ் முதலீட்டுப் பகுதிக்குக் குடிபோய்விட்டது, தொழில் அமோகமாக நடப்பதாகத் தெரிந்தது. சிந்தியா கூப்பர் என்பவர் தலைமையில் இருந்த உள் தணிக்கைக் குழு தோண்டி எடுக்க, 2002 ஜூனில் 380 கோடி டாலர் என்று அறிவித்தார்கள், பிறகு அது இன்னும் பெருகியது. அடுத்த மாதமே திவால். தொழிலில் வரும் பணம் போட்டியாளர்களைவிட அழகாகவும், சொத்துச் செலவு அவர்களைவிடக் கூடவும் இருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

பிளஸில் இருந்தால் சந்தோஷப்படலாமா என்றால், அதுவும் வரிகளைப் பொறுத்ததுதான். பழைய நூற்பாலை ஒன்று மும்பை பரேல் பக்கத்து நிலத்தை விற்றால் அந்த வருடம் இந்தப் பகுதி பிரமாதமாகப் பிளஸில் வரும், நூல் விற்பனை படுத்துக்கிடந்தாலும். நிலத்தை ஒரு முறைதான் விற்க முடியும்.

இன்னும் ரெண்டு இடத்தில் இந்தப் பகுதியை நம்பவே வேண்டாம். ஒன்று, லீஸில் ஓடும் கம்பெனிகள். இண்டிகோ போன்ற விமான நிறுவனம் பெரும்பாலான விமானங்களை லீஸுக்குத்தான் எடுக்கிறது, அப்படி வந்த விமானம் முதலீட்டுப் பகுதியில் தெரியாது, 2019 ஏப்ரலில் வந்த லீஸ் விதிக்குப் பிறகு அந்த அசல் தவணை கடன் பகுதியில் போகிறது. வானத்தில் இத்தனை விமானம் பறக்கிறதே, வாங்கியதாக எழுதவில்லையே என்று தேடாதீர்கள். இன்னொன்று பேங்க், என்பிஎஃப்சி (பேங்க் அல்லாத நிதி நிறுவனம்). அவர்களுக்குக் கடன் கொடுப்பதே தொழில், அதனால் அந்த மைனஸ் எல்லாம் தொழில் பகுதியிலேயே இருக்கும். பேங்க் ஷேருக்கு நான் கேஷ் ஃப்ளோ பக்கத்தைத் திறப்பதே இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று வருட மைனஸ் என்கிறீர்கள். கம்பெனியின் ஆண்டறிக்கை மூன்றையும் பதிவிறக்கி, ஒரே தாளில் மூன்று வருடத்தையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். காலாண்டு முடிவில் தேடாதீர்கள், கிடைக்காது, லிஸ்டான கம்பெனிகள் அரையாண்டுக்கும் ஆண்டுக்கும்தான் கேஷ் ஃப்ளோ தர வேண்டும். சொத்து வாங்கியது எவ்வளவு, ஃபண்டிலும் டெபாசிட்டிலும் நிறுத்தியது எவ்வளவு, யாருக்காவது கடன் கொடுத்தது எவ்வளவு, கம்பெனி வாங்கியது எவ்வளவு என்று நாலாகப் பிரியுங்கள். டெபாசிட் நிறைய இருந்தால், வந்த வட்டியை அதோடு வகுத்துப் பாருங்கள். 1,000 கோடி இருப்புக்கு 15 கோடி வட்டி என்றால் கணக்கு முடிக்கும் மார்ச் 31 அன்று மட்டும் அந்தப் பணம் வீட்டுக்கு வந்து போகிறதோ என்று கேட்கத் தோன்றும். சொத்து வாங்கியதில் பெரும்பகுதி 'கட்டுமானத்தில் உள்ளது' என்ற தலைப்பிலேயே மூன்று வருடமாகக் கிடந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

மாமா வாங்கிய மெஷின் இன்னும் ஓடுகிறது. கைமாற்றில் 2 லட்சம் போன வருடம் திரும்பி வந்தது. அத்தை முன்னால் மீதி 3-ஐப் பற்றிப் பேசக்கூடாது என்று எனக்கு உத்தரவு.