காட்டுயிர்ப் படங்களுக்குப் பன்னாட்டு விழா எடுப்பதால் விலங்குகளுக்கு என்ன லாபம்?

விருது படம் எடுத்தவருக்குப் போகிறது, விலங்குக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு மீன்.

திமிங்கலச் சுறா. உலகிலேயே பெரிய மீன். பஸ் நீளத்துக்கு வளரும். ஆனால் நீரை வடிகட்டி அதில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்று வாழும் பரம சாது. இதன் ஈரல் எண்ணெயை மரப்படகுகளுக்குப் பூசுவது குஜராத் கடற்கரையில் பழைய வழக்கம். 1990களில் இறைச்சிக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்ததும் வேட்டை பெருகியது. இரும்புக் கொக்கியை உடலில் மாட்டி, கயிற்றில் காலிப் பீப்பாய்களைக் கட்டிவிடுவார்கள். மீன் ஆழத்துக்குப் போகப் பார்க்கும், பீப்பாய் விடாது. களைத்து ஓய்ந்த பிறகு கரைக்கு இழுத்து வருவார்கள். அதனால் அங்கே அந்த மீனுக்கே ‘பேரல்’ என்றுதான் பெயர். எங்கள் தெருவில் தண்ணீர் பிடித்து வைக்கும் பேரல்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு அந்த நினைவுதான் வருகிறது.

இந்த வேட்டையைப் படம்பிடித்தவர் இந்தியக் காட்டுயிர்ப் பட இயக்குநர் மைக் பாண்டே. அவருடைய ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வைல்ட்ஸ்கிரீன் விழாவில் பாண்டா விருது பெற்றது. 1982இல் தொடங்கிய அந்த விழாவின் விருதைப் ‘பசுமை ஆஸ்கர்’ என்பார்கள். பிபிசியின் இயற்கை வரலாற்றுப் பிரிவு இருக்கும் ஊர் என்பதால் இந்தத் துறையே அங்கு திரண்டுவிடும். அந்தப் படத்தைத் தொடர்ந்து 2001 மே மாதம் மத்திய அரசு திமிங்கலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காவல். அதற்குமுன் இந்தியாவில் எந்த மீனுக்கும் அது கிடைத்ததில்லை.

கரையில் நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். டெல்லியில் இருந்தவர்கள் பார்க்க ஒரு படம் வேண்டியிருந்தது. அந்தப் படத்தை யாரும் ஒதுக்கிவிடாமல் இருக்க ஒரு மேடை வேண்டியிருந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சிகளை மட்டும் அடுக்கும் படங்களுக்கே கைதட்டும் விழாக்கள்மேல் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் இப்படி ஒரு படத்தை மேடையேற்றும் விழாவை நான் மனதாரக் கொண்டாடுவேன்.

சட்டம் வந்தபின் 2004இல் குஜராத்தில் பிரச்சாரம் தொடங்கியது. ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இவள் என்று மீனவர்களிடம் எடுத்துச் சொன்னார். ‘பேரல்’ போய் ‘வ்ஹாலி’ என்ற பெயர் வந்தது; பிரியமானவள் என்று பொருள். இப்போது சுறா சிக்கினால் மீனவர்கள் தங்கள் வலையைத் தாங்களே அறுத்து அதை விடுவிக்கிறார்கள். வலைக்கு வனத்துறை நிவாரணம் தருகிறது. இப்படி நூற்றுக்கணக்கான சுறாக்கள் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.