ஃப்ரீ டிஷ் பாக்ஸை ரீசெட் செய்தபின் பொதிகையைக் காணோமா?

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ்ஷின் பாக்ஸை ரீசெட் செய்தபின் அம்மா பார்க்கும் பொதிகை வரவில்லை, கடைக்காரர் ரீசார்ஜ் செய்யச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பொதிகை நின்றுபோகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. 2024 ஜனவரி 19 முதல் அது ‘டிடி தமிழ்’. ரீசெட் செய்த பாக்ஸில் பொதிகை என்ற பெயரில் எவ்வளவு தேடினாலும் வராது. உங்கள் அம்மா மனப்பாடமாக வைத்திருந்த பழைய எண்ணும் ரீசெட்டில் போயிருக்கும்.

1. மெனுவில் பழைய பட்டியலை அழித்துவிட்டு, ஆட்டோ ஸ்கேன் கொடுங்கள். செயற்கைக்கோள் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கு என்று இருக்கிறதா பாருங்கள். ரீசெட்டில் இது வேறொன்றுக்கு மாறிவிடுவதுண்டு.

2. முடிந்ததும் ‘டி’ எழுத்தில் தேடுங்கள். கிடைத்தால் ஃபேவரிட்டில் போட்டுவிடுங்கள், அம்மாவுக்குச் சுலபம்.

ஆனால் டிடி நேஷனல் உட்பட எதுவுமே வரவில்லை என்றால் இது பெயர் விஷயம் இல்லை. மொட்டைமாடிக்குப் போய் டிஷ் திரும்பியிருக்கிறதா, கேபிள் முனை கழன்றிருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், கடைக்காரர் ரீசார்ஜ் செய்யச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, காசு கொடுத்துவிடாதீர்கள். ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே கிடையாது.