நானே செய்த கிதாருக்கு ட்யூனிங் கீ (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு) பொருத்த வேண்டும். கீ இன்னும் வாங்கவில்லை, துளை 10 மி.மீ. என்று எங்கோ பார்த்தேன். ஆசாரியிடம் கொடுப்பதா, நானே துளை போடுவதா?

நீங்களே போடுங்கள். கழுத்தைச் செதுக்கி, ஃப்ரெட் அடித்து, இவ்வளவு தூரம் வந்தவருக்கு ஆறு துளை பெரிய விஷயமே இல்லை. ஆனால் கேள்வியைப் படித்தால் கீ செட் வாங்கும் முன்பே, எங்கோ பார்த்த அந்த 10 மி.மீ. அளவை நம்பி டிரில்லை எடுக்கப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. அது மட்டும் வேண்டாம். கீ கைக்கு வந்து, வெர்னியர் வைத்து அளந்த பிறகுதான் துளை.

மூடிய கூடு உள்ள கீக்கு முன்பக்கத்திலிருந்து அறுகோண நட்டு இறுக்குவோம். அதற்குப் பெரும்பாலும் 10 மி.மீ. சரி. பற்சக்கரம் வெளியே தெரியும் பழைய மாதிரிக்குக் கம்பி சுற்றும் தண்டு மெலிது, துளைக்குள் அழுத்திச் செருகும் உலோக வளையமான புஷ்ஷுக்கு 9 மி.மீ.கூட அதிகமாகிவிடலாம். துளை பெரிதானால் புஷ் ஆடும், சிறிதானால் அடித்து இறக்கும்போது விளிம்பு பிளக்கும். கீக்கள் உட்காரும் கிதார் தலையின் தடிமனையும் பாருங்கள். 14, 15 மி.மீ. வழக்கம். அதற்கு மேல் கனமாக விட்டிருந்தால் நட்டுக்கு மரை எட்டாமல் போகலாம். இணையத்தில் விற்பவர்கள் "எல்லா கிதாருக்கும் பொருந்தும்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். தண்டின் விட்டம் என்ன என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

என் கிதாரின் கழுத்து பலாமரம். "மஹாகனி இல்லையா?" என்று கேட்க யாராவது வருவீர்கள், தெரியும். தஞ்சாவூர் வீணையே பலாவில்தான் பிறக்கிறது. எனக்கு அது போதும். முதலில் காகிதத்தில் தலையை முழு அளவில் வரைந்து, கம்பி, நட்டிலிருந்து (இறுக்கும் நட்டு இல்லை, கழுத்தின் முனையில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை) தண்டு வரை கூடியவரை நேராகப் போகிற மாதிரி மையங்களைக் குறித்தேன். கம்பி பக்கவாட்டில் வளைந்து போனால் அந்தப் பட்டையின் பள்ளத்தில் சிக்கிச் சிக்கித்தான் சுருதி மாறும், பழி கீயின் மேல் விழும். காகிதத்தை மரத்தில் ஒட்டி, மையங்களை ஊசியால் குத்தி, நடுவில் கூர்முனை உள்ள, மரத்துக்கான பிட்டை டிரில் ஸ்டாண்டில் மாட்டி, முன்பக்கத்திலிருந்து இறக்கினேன். மஞ்சள் நிறச் சீவல் சுருண்டு சுருண்டு வரும். பின்பக்கம் அந்த முனை மட்டும் ஒரு புள்ளியாக எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, தலையைத் திருப்பிப் போட்டு, அந்தப் புள்ளியில் வைத்து மீதியை முடித்தேன். இரண்டு பக்கமும் விளிம்பு பிசிறில்லாமல் நின்றது. இன்றைக்கும் யாராவது அந்தக் கிதாரை எடுத்தால் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டாமல் விடமாட்டேன்.

ஏற்கெனவே சிறிய துளை இருந்தால் அதில் பெரிய பிட்டை விடாதீர்கள். பிடிக்க மையம் இல்லாமல் பிட் மரத்தைக் கடித்து இழுக்கும். ரீமர் (துளையைச் சுரண்டி அகலமாக்கும் கூம்புக் கருவி) போட்டு மெதுவாக அகலப்படுத்துங்கள், இல்லாவிட்டால் உருளைக் கட்டை செருகி ஒட்டி, காய்ந்த பிறகு புதிதாகத் துளையிடுங்கள்.

ஆசாரிகளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் பலகையை இழைத்துக் கொடுத்ததே ஒரு ஆசாரிதான். ஆனால் கதவுக்கீலுக்கு ஸ்க்ரூ ஏற்றும் கையும் இதுவும் வேறு. என் நண்பனின் கிதாருக்கு ஒரு கடையில் கீ மாற்றினார்கள். பின்பக்கத்துச் சின்ன ஸ்க்ரூவுக்கு வழித்துளையே போடாமல் மெஷினில் ஏற்றியதில் இரண்டு ஸ்க்ரூ முறிந்து மீதி உள்ளேயே நின்றுவிட்டது, கிதாரின் தலையில் மயிரிழை விரிசல் வேறு. அந்த முறிந்த துண்டுகளை எடுத்துக் கொடுத்தது நான். ஸ்க்ரூ 2 மி.மீ. என்றால் 1.5 மி.மீ. வழித்துளை, மரையில் கொஞ்சம் மெழுகு, கையால் திருப்பும் ஸ்க்ரூ டிரைவர். இவ்வளவுதான் வித்தை.

இதையெல்லாம் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். எங்கள் பள்ளியில் கால அட்டவணையில் கைத்தொழில் என்று ஒரு வகுப்பு இருந்தது. மணி அடிக்கும், கணக்கு வாத்தியார் உள்ளே வருவார். உளியும் இழைப்புளியும் இருந்த அலமாரி பூட்டியே கிடந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான். ஒரு தலைமுறையே ஸ்க்ரூ முடுக்கத் தெரியாமல் வளர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரிய துளைகளை பாலிஷுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பாலிஷ் நன்றாகக் காய்ந்ததும் துளைக்குள் வழிந்து ஏறியதைச் சுரண்டிவிட்டுத்தான் புஷ் செருக வேண்டும், இல்லையென்றால் சுற்றிலும் கீறல் ஓடும். கீக்களை வைத்து, முதலில் அறுகோண நட்டைக் கையால் இறுக்குங்கள். பின்பக்கம் ஸ்கேல் வைத்து ஒரு பக்கத்துக் கீக்கள் மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்திய பிறகே ஸ்க்ரூவுக்கு இடம் குறியுங்கள். கடைசியில் ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பினால் போதும். கம்பி ஏற்றிச் சில நாள் கழித்து நட்டு தளர்ந்திருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை தொட்டுப் பாருங்கள், வாஷருக்கு அடியில் மரம் சற்று அமுங்கியிருக்கும்.