பட்டறை இல்லாத தாராவி

அன்புள்ள சார்,

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் 'ஸ்லம்டாக் மில்லியனர்' பார்த்ததாகச் சொன்னார். படம் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அவர் இப்போதுதான் பார்த்திருக்கிறார். ரொம்பப் பிடித்திருந்ததாம். அப்புறம் தயங்கித் தயங்கி, "உங்கள் ஊரில் இப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான், குத்திக்காட்டும் எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. மெட்ரோ, யுபிஐ, சந்திரயான் என்று என்னென்னவோ சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா இப்போது எங்களோடு இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போய், எண்பதுகளில் மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். அவரோடு உட்கார்ந்து படத்தை மறுபடி பார்த்தேன். எனக்கு ஒவ்வொரு காட்சியிலும் எரிச்சல். அவரோ அந்தக் கக்கூஸ் காட்சியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாதிக்கு மேல் தூங்கிவிட்டார். மறுநாள் கேட்டால், "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா தாராவின்னு சொல்லிட்டு ஒரு பட்டறையக்கூட காட்டலியே" என்றார். அவ்வளவுதான்.

அங்கே வாழ்ந்தவருக்கு வராத கோபம், அங்கே காலே வைக்காத எனக்கு ஏன் வருகிறது? நம் வறுமையை வெளிநாட்டுக்காரர்கள் படமெடுத்து விருது வாங்குவது சரிதானா? அடுத்த முறை நண்பர் கேட்டால் என்ன சொல்வது?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் அப்பா சொன்னது அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட நல்ல விமர்சனங்களில் ஒன்று. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கோபத்தைப் பார்த்துவிடுவோம்.

மும்பைக் குடிசையில் வளர்ந்த ஜமால் டிவி வினாடி வினாவில் ஜெயிக்கும் கதை, எடுத்தவர் பிரிட்டிஷ் இயக்குநர் டேனி பாயில். படம் இந்தியாவில் 2009 ஜனவரி 23 அன்று வெளியானது. 'ஸ்லம்டாக் கரோர்பதி' என்ற பெயரில் இந்தியிலும் வந்தது. அதற்குள் கோல்டன் குளோப் வாங்கியிருந்ததால், பார்க்காதவர்களுக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. அந்த வாரங்களின் சண்டையை இன்று திரும்பிப் பார்த்தால், ஒரே எதிர்ப்பு என்று எல்லோரும் எழுதியது உண்மையில் இரண்டு எதிர்ப்பு என்று தெரிகிறது. மும்பையில் படத்தில் நடித்த அனில் கபூர் வீட்டு வாசலில் குடிசைவாசிகள் அட்டை பிடித்து நின்றார்கள். பாட்னாவில் ஒரு தியேட்டரை அடித்து நொறுக்கினார்கள். அவர்களுக்குப் பிரச்சினை தலைப்பு. எங்களை நாய் என்று சொல்ல நீ யார் என்பதுதான் கேள்வி. சாக்கடையைக் காட்டினாய், குப்பைமேட்டைக் காட்டினாய் என்பதல்ல. அதெல்லாம் தினமும் அவர்கள் தாண்டிப் போகிற இடங்கள்.

சாக்கடையைக் காட்டியதற்காகக் கோபப்பட்டவர்கள் வேறு ஆட்கள். வெளியீட்டுக்குக் கொஞ்ச நாள் முன்பு அமிதாப் பச்சன் தன் வலைப்பூவில் இந்தப் பேச்சைத் தொட்டார். வளர்ந்த நாடுகளிலும் இருண்ட மறுபக்கம் உண்டு என்பதுபோல எழுதினார். பெரிய கூச்சல் கிளம்பியதும், இரண்டு தரப்பையும் எடுத்துவைத்தேன், அவ்வளவுதான் என்றார். சொன்னது அவர் கருத்தோ, அடுத்தவர் கருத்தோ, அது நம் நடுத்தர வீடுகளின் வரவேற்பறையில் அன்று ஓடிய பேச்சுதான். குடிசைக்காரனின் கோபம் தன்னை இழிவாகப் பேசியதற்கு. வரவேற்பறைக் கோபம், தன் நாட்டுக் குடிசையை அடுத்தவன் பார்த்துவிட்டானே என்பதற்கு. முதல் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது பெரும்பாலும் கூச்சம். உங்களுக்கு வந்ததும் அதுதான். தப்பில்லை, வெளிநாட்டில் வேலை பார்க்கிற யாருக்கும் வரும். ஒரு மனிதராக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவரை ஒரு கேள்வி திடீரென்று ஒரு நாடாக மாற்றிவிடுகிறது. உங்கள் அப்பாவிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் படம் பார்த்தார்.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டை அவ்வளவாகச் சூடு பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் ரகுமான். பிப்ரவரியில் படம் 8 ஆஸ்கர் வாங்கியது, அதில் 2 அவருக்கு. "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று அந்த மேடையில் அவர் தமிழில் சொன்னதும் இங்கே படம் நம்முடையதாகிவிட்டது. "நம்ம வறுமையைக் காட்டினாத்தான் வெள்ளைக்காரன் விருது குடுப்பான்" என்று சொன்ன அதே வாய், மூச்சு விடாமல் "நம்ம ரகுமான் ரெண்டு வாங்கிட்டாருல்ல" என்றும் சொன்னது.

வெளிநாட்டுக்காரர் எடுப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுப்பவரின் ஊர்தான் பிரச்சினை என்றால் சத்யஜித் ராய்க்கு அந்த வசவு வந்திருக்கக் கூடாது. 1955இல் அவர் எடுத்த 'பதேர் பாஞ்சாலி' கிராமத்து ஏழைக் குடும்பத்தின் கதை. மறு ஆண்டே கான் விழாவில் பரிசு வாங்கியது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, நடிகையும் மாநிலங்களவை உறுப்பினருமான நர்கிஸ், ராய் இந்தியாவின் வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்று குற்றம் சாட்டினார். கலப்பையைத் தோளில் சுமந்த 'மதர் இந்தியா' நாயகி சொன்னது இது! அந்தப் படத்தில் வறுமைக்குக் குறைவே கிடையாது. அதுவும் ஆஸ்கர் வரை போனதுதான். ஆனால் அது முதலில் நமக்காக எடுத்த படம், நாம் அழுவதற்காக. ராயின் படத்துக்கு அவர்கள் அழுதார்கள். வித்தியாசம் அவ்வளவே.

அரசாங்கத்துக்கும் இதே கூச்சம்தான். பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் இந்தியாவைச் சுற்றி எடுத்த ஆவணப்பட வரிசையை 1970இல் பிபிசி ஒளிபரப்பியதும் தில்லியிலிருந்த பிபிசி அலுவலகத்தையே மூட வைத்தார்கள். 2020இல் அமெரிக்க அதிபர் வருகிறார் என்று அகமதாபாத்தில் அவர் போகும் பாதையில் இருந்த குடிசைப் பகுதிக்கு முன்னால் சுவர் எழுப்பினார்கள். 2023இல் ஜி20 மாநாட்டின்போது தில்லியில் பச்சைத் துணி. குடிசையை எடுப்பதை விடத் துணி மலிவு.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்லம்டாக் இந்தியாவில் வெளியாகி இரண்டு வாரத்தில் இங்கே பாலாவின் 'நான் கடவுள்' வந்தது. உடல் ஊனமுற்றவர்களையும் குழந்தைகளையும் வாங்கி விற்றுப் பிச்சையெடுக்க வைக்கும் கூட்டத்தின் கதை. ஸ்லம்டாக்கில் சிறுவனின் கண்ணைப் பறித்துப் பாட வைக்கும் அந்தக் கொடூரம் சில நிமிடம். பாலாவிடம் படம் முழுக்க அந்த உலகம்தான். தேசிய விருதும் வாங்கினார். தமிழனின் வறுமையை விற்றுவிட்டார் என்று யாரும் சொல்லி என் காதில் விழவில்லை. பார்க்கப் போகிறவர்கள் நாம் என்பதால் அது வீட்டுக்குள் நடக்கிற பேச்சாகிவிட்டது.

ஆக, கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதைவிட, திரைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் நம் கோபம் ஏறி இறங்குகிறது. டேனி பாயிலுக்கும் இது தெரியும். தாஜ்மகால் பகுதியை நினைத்துப் பாருங்கள். சிறுவன் ஜமால் பொய்க் கைடாக ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கூட்டிப் போகிறான். திரும்பி வந்தால் கார் சக்கரமெல்லாம் கழற்றப்பட்டு நிற்கிறது, அவனுக்கு அடி விழுகிறது. உண்மையான இந்தியாவைப் பார்க்கணும்னு கேட்டீங்களே, இதுதான் என்கிறான் பையன். உண்மையான அமெரிக்கா இதுதான் என்று அந்த அம்மாள் சொல்ல, டாலர் நோட்டு அவன் கைக்கு வருகிறது. தன்னைப் பார்க்கப் போகிறவர்களைப் படமே கிண்டல் செய்கிற இடம் அது. என்ன, டிக்கெட் வாங்கிய மேற்கத்திய ரசிகரும் சிரித்துவிட்டு அதே டாலர் நோட்டின் நிம்மதியோடுதான் வீட்டுக்குப் போகிறார்.

இப்போது உங்கள் அப்பாவின் சிரிப்பு. கக்கூஸ் காட்சியை உங்கள் நண்பர் அருவருப்போடு பார்த்திருப்பார், நீங்கள் அவமானத்தோடு. அந்தக் காட்சியில் நடப்பது என்ன? அமிதாப்பின் ஹெலிகாப்டர் வந்து இறங்குகிறது. பையன் தட்டிக் கக்கூசுக்குள் இருக்கிறான், அண்ணன்காரன் வெளியே தாழ் போட்டுவிட்டான். வேறு வழியில்லை, கீழே குதிக்கிறான். குதிக்கும்போது ஒரு கையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்கிறான். அந்தக் கையில் அமிதாப்பின் போட்டோ. உடம்பு முழுக்க மலம், போட்டோவில் ஒரு துளி இல்லை. அந்தக் கோலத்திலேயே கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறான். எம்ஜிஆர் படத்துக்கோ ரஜினி படத்துக்கோ முதல் நாள் முதல் காட்சி வரிசையில் சட்டை கிழிய நின்ற ஆளுக்கு அங்கே மலம் எங்கே தெரியப்போகிறது? தூக்கிய கைதான் தெரியும். ஒரு வெள்ளைக்கார இயக்குநர் நம் ரசிகனை இவ்வளவு நெருக்கமாகப் பிடித்துவிட்டாரே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அசல் மசாலா. நம்மூர் இயக்குநர் எடுத்திருந்தால் விசில் பறந்திருக்கும்.

அப்பா பாதியில் தூங்கியதற்கும் மசாலாதான் காரணம் என்று நினைக்கிறேன். பிரிந்த அண்ணன் தம்பி, கெட்டவனிடம் மாட்டிய காதலி, கடைசியில் விதி சேர்த்துவைப்பது, ரயில் நிலையத்தில் பாட்டு. இதையெல்லாம் அவர் ஐம்பது வருடமாகப் பார்க்கிறார். வெளியே அது புதுசு. இங்கே பழைய சோறு. இந்திப் பதிப்பு இங்கே எதிர்பார்த்த அளவு ஓடாததற்கும் தேசபக்தியைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் ஊகம்.

பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். தாராவி இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடம். அங்கே நம் ஆட்கள் போய்ச் சேர்ந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. நெல்லைப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் போனவர்களின் வம்சம். குஜராத்திலிருந்து வந்த குயவர்களுக்கு கும்பார்வாடா என்று தனிப் பகுதியே உண்டு, சூளைப் புகை வீட்டுக்குள்ளேயே வரும். பெண்கள் அப்பளம் தேய்த்துக் கவிழ்த்த மூங்கில் கூடைகளின் மேல் காயவைப்பார்கள். மும்பை தூக்கிப் போட்ட பிளாஸ்டிக் எல்லாம் அங்கே வந்து நிறம் பிரித்து, உடைத்து, கழுவி, உருக்கி, குருணையாகி மறுபடி விலைக்குப் போகிறது. மாடியில் ஒரு தொழில், கீழே ஒரு தொழில், நடுவில் குடும்பம். நாற்றம் உண்டு, நோய் உண்டு, கூலி குறைவு. ஆனால் சும்மா இருக்கிற ஆளைப் பார்ப்பது கஷ்டம்.

ஸ்லம்டாக்கின் தாராவியில் துரத்தலும் ஓட்டமும் கலவரமும் பிச்சையும் இருக்கின்றன. தொழில் இல்லை. நியாயமாகச் சொன்னால், ஜமால் வேலையே பார்க்காதவன் அல்ல. ஒரு ஹோட்டல் அடுக்களையில் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மூடியைப் பசை போட்டு ஒட்டுகிறான். அந்த இடத்தில் அப்பா முழித்திருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அப்புறம் கால் சென்டரில் டீ கொடுக்கிறான். ஆனால் இவையெல்லாம் தாராவிக்கு வெளியே. அவனை மேலே தூக்குவதும் வேலை அல்ல, ஒரு வினாடி வினாவும் விதியும்தான். ஏழை என்றால் அடிபடுகிறவன், ஓடுகிறவன், அதிர்ஷ்டம் அடித்தால் தப்பிக்கிறவன் என்பதுதான் அந்தப் படத்தின் கணக்கு. இரவு பகலாகப் பை தைத்து ஊருக்குப் பணம் அனுப்பி, மகனைப் பொறியாளராக்கிய ஆள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். அழுக்கைக் காட்டியதில் எனக்குக் குறையே கிடையாது. இன்னும்கூடக் காட்டியிருக்கலாம். விடுபட்டது உங்கள் அப்பா. என் மனக்குறை அதில்தான்.

நம் பெருமைக்காகக் கொதித்தவர்களைப் பற்றியும் ஒன்று. ஆஸ்கர் வாங்கிய சில மாதங்களிலேயே, 2009 மே மாதம், படத்தில் நடித்த சிறுவன் ஒருவனின் குடிசையை பாந்த்ராவில் அதிகாரிகள் இடித்துத் தள்ளினார்கள். குடிசையைக் காட்டியபோது போன மானம் இடித்தபோது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

நண்பர் மறுபடி கேட்டால் சந்திரயான் வேண்டாம். ஆமாம், அப்படியும் இருக்கிறது, என் அப்பா அங்கேதான் வேலை பார்த்தார் என்று சொல்லுங்கள். என்ன வேலை என்று அடுத்து அவரே கேட்பார். அதற்குப் பதில் சொல்ல அப்பா வீட்டிலேயே இருக்கிறார்.

படமாகவே காட்ட வேண்டுமென்றால் மணிகண்டனின் 'காக்கா முட்டை' இருக்கிறது. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இரண்டு பேர், தண்டவாள ஓரம் நிலக்கரி பொறுக்கி விற்றுப் பீட்சாவுக்குக் காசு சேர்க்கிறார்கள். எவ்வளவு பொறுக்கினால் எவ்வளவு வரும் என்ற கணக்குதான் கதையே. 2014இல் டொரன்டோ விழாவில் வெள்ளைக்காரர்கள் முன்னால் ஓடிவிட்டுத்தான் 2015இல் இங்கே வந்தது. இங்கே பெரிய கோபம் எதுவும் கிளம்பவில்லை, தியேட்டரில் கைதட்டினார்கள். அப்பாவையும் கூட உட்காரவையுங்கள். இதில் தூங்க மாட்டார் என்று நினைக்கிறேன்.