சொல்லிக் கொடுத்தால் வேலை போய்விடுமா?

அன்புள்ள ஐயா,

டிப்ளமோ முடித்து கோவையில் ஃபவுண்டரி (உலோக வார்ப்புப் பட்டறை) வேலைக்குப் போன உங்கள் மகன், தான் கற்றதையெல்லாம் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். "நாளைக்கு அவனுக தேறிட்டா இவனை யாருங்க வச்சிருப்பாங்க?" என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவனைத் தடுக்காதீர்கள்.

ஒருமுறை கோவையில் கணபதி என்ற பகுதியில் ஒரு சின்னப் பட்டறைக்கு மாணவர்களைக் கூட்டிப் போயிருந்தேன். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் வார்ப்பில் புளோ ஹோல் (காற்றுத் துளை) விழுந்து, பீஸ்கள் ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தன. உலோகத்தை ஊற்ற மணலில் அச்சு செய்யும் வயதான மோல்டர் ஒருவர் ஒரு பிடி அச்சு மணலை அள்ளி இறுக்கினார். இரண்டாக ஒடித்தார். உள்ளங்கையில் ஒட்டியதைக் காட்டி, "ஈரம் சாஸ்தி தம்பி, காத்து வெளிய போக வழியில்ல" என்றார். பக்கத்தில் நின்ற பையன் அதை நோட்டில் குறித்துக்கொண்டான். அன்றிலிருந்து மணலைப் பார்ப்பது அவன் பொறுப்பு. பெரியவரின் வேலை போகவில்லை. யாருக்கும் பிடிபடாத புது வார்ப்புகள் இப்போது அவரிடம்தான் வருகின்றன. அவருக்கு அதற்கு நேரம் கிடைத்ததே அந்தப் பையன் கற்றுக்கொண்டதால்தான்.

கோவை வளர்ந்த கதையும் இதேதான். பஞ்சாலை மெஷின்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் முளைத்தன. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் விவசாயிகளுக்குக் கிணற்று மோட்டார் தேவைப்பட்டது. 1937-ல் கோவைத் தொழிலதிபர்கள் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். ஒரு பட்டறையில் கை பழகியவர் வெளியே வந்து சொந்தமாக லேத் போடுவார். பழைய முதலாளியே அவருக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) கொடுப்பார். வார்ப்பு ஓரிடம், கடைசல் ஓரிடம், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் ஓரிடம் என்று பிரிந்ததால், ஒரு கோளாறுக்குக் கிடைத்த தீர்வு நாலு தெரு தாண்டியும் போய்ச் சேர்ந்தது. 1956-ல் கோவையில் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். ஒன்றோடொன்று போட்டி போடும் நூற்பாலைகள் தங்கள் உற்பத்திக் கணக்கை அங்கே தந்து, மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டு, எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்கின்றன. எனக்கு இது சாதாரண விஷயமாகவே தெரியவில்லை.

ஆனால் ஒரு எல்லை உண்டு. அதை மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் டிராயிங், விலை, கம்பெனி ரகசியம் என்று கையெழுத்து வாங்கிய எதுவும் கேட்டுக்கு வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் போட்டோகூட அனுப்பக் கூடாது. மணலின் ஈரம் பார்ப்பது கைத்தொழில் அறிவு. அடுத்தவர் டிராயிங் அடுத்தவர் சொத்து.

சொல்லிக் கொடுப்பதை அவன் ஒரு நோட்டில் எழுதியும் வைக்கட்டும்: தேதி, என்ன கோளாறு, என்ன மாற்றினோம், எத்தனை பீஸ் தப்பித்தது. சம்பள உயர்வு கேட்கும்போது அந்த நோட்டை மேஜையில் வைக்கலாம். சூப்பர்வைசர் ஆக்கும்போது முதலாளிகள் பார்ப்பது, பத்துப் பேரை வேலை வாங்கத் தெரிந்தவனைத்தான்.

இவ்வளவு செய்தும் அங்கே சீனியர்கள் வாயே திறக்காமல், இவன் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால், ஒரு வருடம் பார்த்துவிட்டு வேறு இடம் தேடட்டும். அடுத்த இன்டர்வியூவில் சம்பளத்தோடு இதையும் கேட்கச் சொல்லுங்கள்: "கடைசியா ஒரு லாட் ரிஜெக்ட் ஆனப்போ, யாரையெல்லாம் கூப்பிட்டுப் பேசினீங்க?"