கலத்துக்குள் கட்டுவதும் உடைப்பதும்: நொதியங்கள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி (மல்லாவி, உயர்தர மாணவி): சேர், குழியவன்கூடுதான் கலத்துக்கு உருவம் தருகிறது என்று படித்தோம். தாங்கி நிற்கிற ஒரு பொருளைக் கட்டுப்படுத்த நொதியம் எதற்கு?

பதில்: அது சும்மா நிற்பதே இல்லை, பிள்ளை. அந்தக் கூடு புரத இழைகளாலான சட்டகம். அதில் ஒரு வகையான அக்ரின் இழையின் தடிப்பு சுமார் 7 நனோமீற்றர். அந்த இழையின் ஒரு முனையில் புரத அலகுகள் வந்து சேர்ந்துகொண்டிருக்க, மறுமுனையில் கழன்றுகொண்டிருக்கும். எங்கே கட்டுவது, எங்கே உடைப்பது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் நொதியங்கள், அதாவது இரசாயனத் தாக்கங்களை விரைவாக்கும் புரதங்கள், வருகின்றன.

கோபிலின் என்ற புரதம் பழைய அக்ரின் இழைகளை வெட்டும். லிம் கைனேஸ் என்ற நொதியம் கோபிலினில் செரீன்-3 என்ற இடத்தில் ஒரு பொஸ்பேற்றை ஏற்றினால் வெட்டு நின்றுவிடும். ஸ்லிங்ஷொட் என்ற பொஸ்பற்றேஸ் அதைக் கழற்றினால் மறுபடி தொடங்கும். புரதங்களில் இப்படிப் பொஸ்பேற்றை ஏற்றிக் கழற்றும் முறையைக் கண்டறிந்ததற்காகத்தான் எட்மண்ட் பிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பரீட்சைக்குக் கைனேஸை மட்டும் பாடமாக்கிவிட்டுப் போகாதீர்கள். கழற்றுகிற நொதியத்துக்கும் அதே அளவு வேலை இருக்கிறது.

கேள்வி (ஒட்டுசுட்டான், விவசாயி): தம்பி, மண்வெட்டி பட்ட காயத்தில் சீழ் கட்டினது. கிருமியைத் தேடி வந்து செத்த வெண்குழியங்கள்தான் அதில் கூட என்கிறார்கள். காலில்லாத கலம் எப்படி நடந்து வரும்?

பதில்: முன்பக்கம் தள்ளும், பின்பக்கம் இழுக்கும், அண்ணை. கிருமியிடமிருந்து கசிகிற இரசாயனம் கூடுதலாகப் படுகிற பக்கத்தில், மென்சவ்வின் கீழே, றக் என்ற சிறு நொதியம் விழிக்கும். அது அக்ரின் இழைகளைக் கிளை கிளையாக வளரச் செய்யும். மென்சவ்வு மெல்லிய தகடாக முன்னே நீளும். பின்பக்கத்தில் றோ என்ற இன்னொன்று. அது றோ கைனேஸை ஏவ, அந்தக் கைனேஸ் அக்ரின் இழைகளைப் பிடித்து இழுக்கும் மயோசின் என்ற புரதத்தை இயக்க, இழைகள் இறுகி வாற்பக்கத்தை இழுத்துக்கொள்ளும். இப்படி நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீற்றர், கிட்டத்தட்டத் தன் உடம்பளவு தூரம், அந்தக் கலம் போய்விடும்.

றக், றோ இரண்டும் ஜி.ரி.பி. என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரை வேலை செய்யும். அதைத் தாங்களே வெட்டியதும் அணைந்துவிடும். தனியே விட்டால் வெட்டுவது மிக மெதுவாகத்தான் நடக்கும். அதனால் ஏவுவதற்கு ஒரு கூட்டம் புரதங்கள், விரைவாக அணைப்பதற்கு இன்னொரு கூட்டம். இரணைமடுக் குளத்துத் துருசு மாதிரித்தான், திறக்க ஆள் இருந்தால் போதாது, நேரத்துக்கு மூடவும் ஆள் வேண்டும்.

ஆன் ரிட்லியும் அலன் ஹோலும் 1992இல் இந்தப் புரதங்களைக் கலங்களுக்குள் நுண்ணூசியால் செலுத்திப் பார்த்தார்கள். றோவைச் செலுத்தினால் கலத்துக்குள் தடித்த இழைக்கட்டுகள் உண்டாகின. றக்கைச் செலுத்தினால் விளிம்பில் மென்சவ்வு மடிப்பு மடிப்பாக எழுந்தது. ஒரே வகைக் கலம், செலுத்திய புரதத்துக்கு ஏற்ப வேறு உருவம். எத்தனை வகுப்பில் சொல்லிக்கொடுத்தாலும் இதில் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி (நெடுங்கேணி, ஒரு தாய்): எங்கள் வேலியோரம் முழுக்கக் கார்த்திகைப்பூ. கிழங்கு நஞ்சு என்கிறார்கள். அதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு, அக்கா. அந்தக் கிழங்கில் கொல்கிசின் இருக்கிறது. அது நொதியம் அல்ல. குழியவன்கூட்டின் இன்னொரு பகுதியான நுண்புன்குழாய்களைக் கட்டுகிற ரியூபியூலின் புரதத்தில் ஒட்டி, குழாய் வளரவிடாமல் தடுக்கிறது. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுப்பவை இந்தக் குழாய்கள்தான். ஆகவே வேகமாகப் பிரியும் கலங்கள் உள்ள குடலும் எலும்பு மச்சையும் கடுமையாகப் பாதிக்கப்படும். இன்னொன்றும் நடக்கும். றோவை ஏவுகிற ஜெப்-எச்1 என்ற புரதம் குழாய்களோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். குழாய் கலைந்தால் அது விடுபட்டு, வேண்டாத இடத்திலும் றோவை ஏவிவிடும்.

அளவோடு கொடுத்தால் இதே கொல்கிசின் கீல்வாதத்தில் ஒரு வகைக்கு, யூரிக் அமிலம் படிந்து மூட்டு வீங்கும் நோய்க்கு, மருந்து. வெண்குழியங்கள் மூட்டில் போய்க் குவிவதை அது குறைக்கிறது. ஆனால் மருந்து அளவுக்கும் நஞ்சு அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அறிகுறி தெரியவே பல மணிநேரம் ஆகலாம்.

கேள்வி (விசுவமடு): கிடாய் வெட்டிச் சில மணிநேரத்தில் இறைச்சி விறைப்பது ஏன்?

பதில்: தசையில் அக்ரினை இழுக்கும் மயோசினே ஒரு நொதியம், கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரி.பி. என்ற மூலக்கூறை உடைக்கும். எங்கல்ஹார்ட்டும் லியூபிமோவாவும் 1939இல் அதைக் காட்டினார்கள். அக்ரினைப் பிடித்த மயோசின் பிடியை விட வேண்டுமென்றால் புதிய ஏ.ரி.பி. ஒன்று வந்து ஒட்ட வேண்டும். உயிர் போனபின் அது தீர்ந்துவிடும், பிடி விடாது.

கேள்வி (கிளிநொச்சி): அம்மம்மாவுக்குக் கண் அழுத்தம். றோ கைனேஸைத் தடுக்கிற சொட்டு மருந்து இருக்கிறது என்று வாசித்தேன், உண்மையா?

பதில்: உண்மை. ரிபாசுடில் 2014இல் ஜப்பானிலும், நெட்டார்சுடில் 2017இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. கண்ணீர் அல்ல, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறுகிற வலைபோன்ற இழையத்தில் கலங்கள் இறுகியிருந்தால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். கைனேஸைத் தடுத்தால் அவை தளர்ந்து நீர் வடியும். கண் சிவப்பது இதன் வழக்கமான பக்கவிளைவு. அம்மம்மா இப்போது விடுகிற மருந்தை நிறுத்திவிட வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கண் டொக்டரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.